டிசம்பருக்குள் விமானம் ஏறியே ஆக வேண்டுமா?

கேள்வி: என் கணவர் அமெரிக்கக் குடிமகன், நான் சென்னையில் ஒரு ஐடி கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வரும் பிப்ரவரியோடு கல்யாணமாகி இரண்டு வருடம் முடிகிறது. எனக்காக அவர் கொடுத்த ஐ-130 மனு அப்ரூவ் ஆகி, கேஸ் இப்போது விசா ஆவணங்களைச் சரிபார்க்கும் அமெரிக்க அலுவலகமான என்.வி.சி.யில் இருக்கிறது. டிசம்பர் 31க்குள் நான் அங்கே இறங்கிவிட்டால் இந்த வருடத்துக்கே இருவரும் சேர்ந்து ஒரே படிவத்தில், ஜாயின்ட்டாக, வரி தாக்கல் செய்து நல்ல தொகை மிச்சம் பிடிக்கலாம் என்று கணவரின் நண்பர் அடித்துச் சொல்கிறார். இங்கே எனக்கு ஏப்ரலில்தான் ஐந்து வருட சர்வீஸ் முடிகிறது, நோட்டீஸ் பீரியட் மூன்று மாதம். சம்பளம் வருடத்துக்கு 18 லட்சம், மியூச்சுவல் பண்டிலும் கொஞ்சம் இருக்கிறது. டிசம்பரில் ஒரு தடவை போய் கிரீன் கார்டைத் தொடங்கிவைத்துவிட்டுத் திரும்பி வந்து வேலையை முடித்துக்கொண்டு போகலாமா?

பதில்: போகலாம், ஆனால் எதற்கு? நண்பர் சொன்னதில் பாதிதான் சரி. ஜாயின்ட்டாகத் தாக்கல் செய்தால் மிச்சமாகும் என்பது பெரும்பாலும் உண்மை, அதற்கு நீங்கள் டிசம்பருக்குள் அங்கே போயிருக்க வேண்டும் என்பது உண்மையில்லை. வருடக் கடைசியில் நீங்கள் சென்னையிலேயே இருந்தாலும், கணவர் அமெரிக்கக் குடிமகன் என்பதால், உங்களையும் அந்த வருடம் முழுக்க அமெரிக்க வரிவாசியாக (எங்கே சம்பாதித்தாலும் அமெரிக்காவில் கணக்குக் காட்ட வேண்டியவராக) நடத்தும்படி இருவரும் கையெழுத்திட்டுக் கேட்க அவர்கள் சட்டத்தில் வழி இருக்கிறது, பிரிவு 6013(ஜி). அதற்கு அவசரமும் கிடையாது. ஏப்ரலில் அவர் தனியாகத் தாக்கல் செய்துவிட்டு, நீங்கள் போய் உங்களுக்கு எஸ்.எஸ்.என். என்ற சமூகப் பாதுகாப்பு எண் வந்தபிறகு மூன்று வருடத்துக்குள் திருத்திய படிவம் கொடுத்து ஜாயின்ட்டாக மாற்றிக்கொள்ளலாம். பதிலுக்கு உங்களுடைய அந்த வருட இந்தியச் சம்பளம், வட்டி எல்லாவற்றையும் அங்கே காட்ட வேண்டும், இங்கே கட்டிய வருமான வரியைப் படிவம் 1116 மூலம் கழித்துக்கொள்ளலாம். ஆக, வரிக்காகத் தேதி பார்க்கத் தேவையில்லை.

தேதி பார்க்க வேண்டிய விஷயம் பிப்ரவரி. இதை உங்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது, எனக்கு அதுதான் ஆச்சரியம். நீங்கள் அமெரிக்காவில் நுழைகிற நாளில் கல்யாணமாகி இரண்டு வருடம் முடியவில்லை என்றால் கிடைப்பது இரண்டு வருட நிபந்தனைக் கார்டு. அது காலாவதியாவதற்கு முந்தைய 90 நாளில் நிபந்தனையை நீக்கக் கேட்கும் ஐ-751 விண்ணப்பம் போட்டு, கட்டணம் 750 டாலர் கட்டி, கூட்டு வங்கிக் கணக்கு, வாடகை ஒப்பந்தம் என்று சேர்ந்து வாழ்வதற்கான அத்தாட்சிகளைத் திரட்டிக் கொடுத்துவிட்டு முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். இரண்டு வருடம் முடிந்த பிறகு நுழைந்தால் நேரடியாகப் பத்து வருடக் கார்டு. கணக்கில் வருவது நுழைகிற நாள்தான், விசா அச்சான நாள் இல்லை. அதனால் விசாவில் சி.ஆர்-1 (நிபந்தனை வகை) என்று இருந்தாலும் விமான நிலையத்தில் அதிகாரியிடம் சொல்லி ஐ.ஆர்-1 (நிபந்தனை இல்லாத வகை) என்று பதியச் சொல்லுங்கள், திருமணச் சான்றிதழ் கைப்பையிலேயே இருக்கட்டும். டிசம்பரில் ஓடிப்போய் இறங்கினால் இது மொத்தமும் போய்விடும்.

அப்புறம் போய்விட்டுத் திரும்பும் யோசனை. நுழைந்த நாளிலிருந்தே நீங்கள் அமெரிக்க வரிவாசி, சென்னைக்குத் திரும்பி வாங்குகிற சம்பளமும் அங்கே கணக்கில் வரும். இந்தியக் கணக்குகளில் எல்லாம் சேர்த்து ஏதாவது ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினால் எப்.பி.ஏ.ஆர். என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கையும் உண்டு. ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் பின்னால் குடியுரிமை விண்ணப்பத்தில் கேள்வி வரும். விசாவே அதற்கான மருத்துவப் பரிசோதனை (மெடிக்கல்) எடுத்த நாளிலிருந்து பொதுவாக ஆறு மாதம் செல்லும் என்கிறபோது, இவ்வளவையும் தலையில் ஏற்றிக்கொண்டு ஒரு விமான டிக்கெட்டுக்கும் செலவு செய்வானேன்?

அந்த ஆறு மாதத்தைத்தான் திட்டமிட்டுப் பயன்படுத்த வேண்டும். இன்டர்வியூ தேதி உங்கள் கையில் இல்லை. டி.எஸ்-260 என்ற விசா விண்ணப்பப் படிவத்தையும் ஆவணங்களையும் எப்போது சமர்ப்பிக்கிறீர்கள் என்பது மட்டும் உங்கள் கையில் இருக்கிறது, எல்லாம் சரி என்று என்.வி.சி.யில் சொன்னபிறகு வரிசை தானாக நகரும். கொஞ்சம் தாமதிக்கலாம், ஆனால் ஒரு வருடத்துக்கு மேல் எந்தத் தொடர்பும் இல்லாமல் விட்டால் கேஸையே மூடத் தொடங்கிவிடுவார்கள். மெடிக்கல் ஜனவரி வாக்கில் அமைந்தால் விசா ஜூலை வரை செல்லும். பிப்ரவரியில் ராஜினாமா கொடுத்தால் மே மாதம் விடுவிப்பு. ஒன்று மட்டும்: விசா ஒட்டிய பாஸ்போர்ட் கைக்கு வரும்வரை ராஜினாமாக் கடிதம் கொடுக்காதீர்கள். இன்டர்வியூ நன்றாகப் போனாலும் 221(ஜி) என்று ஒரு தாளைக் கொடுத்து இன்னொரு ஆவணம் கேட்டு வாரக்கணக்கில் இழுக்கிற வழக்கம் உண்டு, சில சமயம் மாதக்கணக்கிலும்.

மே வரை இருப்பதில் வேலைப் பக்கமும் லாபம். கிராஜுவிட்டிக்கு ஐந்தாவது வருடத்தில் 240 நாள் வேலை பார்த்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது, ஆனாலும் எச்.ஆரோடு மல்லுக்கட்டுவதைவிட ஏப்ரலைத் தாண்டிவிடுவது நிம்மதி. பி.எப். விஷயத்தில் அந்தச் சலுகையும் இல்லை: ஐந்து வருடம் முடியாமல் எடுத்தால் பொதுவாக வரி உண்டு. முந்தைய கம்பெனியின் பி.எப்.பை இதோடு இணைத்திருந்தால் அந்த சர்வீஸும் சேரும், அதைப் பாருங்கள்.

மியூச்சுவல் பண்டைக் கிளம்புவதற்கு முன் விற்றுவிடுங்கள். அமெரிக்க வரிவாசியான பிறகு இந்திய பண்டுகள் பி.எப்.ஐ.சி. (வெளிநாட்டு முதலீட்டு நிறுவனம்) என்ற வகையில் வரும், பண்டுக்கு ஒரு படிவம் 8621, கடுமையான வரிக் கணக்கு, அதைப் போட்டுத் தர ஆடிட்டர் கேட்கிற கட்டணமே பண்டின் லாபத்தைத் தின்றுவிடும். எந்தக் காலண்டர் வருடத்தில் விற்பது என்பதில்தான் சிக்கல். ஜாயின்ட்டாகத் தாக்கல் செய்கிற வருடத்தில் விற்றால் அந்த லாபமும் அமெரிக்கக் கணக்குக்குள் வந்துவிடும். போகிற வருடத்துக்கு எப்படியும் ஜாயின்ட் வேண்டியிருக்கும் என்பதால் இந்த டிசம்பருக்குள் விற்பது நல்லது. விற்ற பிறகு இந்த வருடத்துக்கும் ஜாயின்ட் போடலாமா என்று கணவரை அமெரிக்க ஆடிட்டரான ஒரு சி.பி.ஏ.விடம் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பண்டில் லாபம் சின்னதென்றால் ஜாயின்ட்டே ஜெயிக்கும் என்பது என் கணிப்பு. இந்தியாவில் ஈக்விட்டி பண்டுகளின் நீண்டகால லாபத்தில் ஒரு நிதியாண்டுக்கு 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம், அது எப்படியும் கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: அங்கே போனபிறகு இதே கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்தால்?

பதில்: கிரீன் கார்டு இருந்தால் உங்களுக்குத் தடையில்லை, கம்பெனி சம்மதிப்பதுதான் கஷ்டம். நீங்கள் அமெரிக்காவில் உட்கார்ந்து வேலை பார்த்தால் அது அமெரிக்க வருமானம், முதல் வரி உரிமை அவர்களுக்கு. இங்கே டி.டி.எஸ். பிடித்துக்கொண்டே இருந்தால் அதைத் திரும்ப வாங்க நீங்கள் அலைய வேண்டும். இரு நாடுகளுக்கும் இடையே சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தமும் இல்லை என்பதால் பி.எப். ஒரு பக்கம், சோஷியல் செக்யூரிட்டி ஒரு பக்கம் என்று குழப்பம் வரும். ஓரிரு மாத ஹேண்ட்ஓவர் என்றால் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள், அதற்கு மேல் என்றால் கம்பெனியின் அமெரிக்கக் கிளையின் சம்பளப் பட்டியலுக்கு மாற்றித் தரக் கேளுங்கள்.