மெழுகோடு நின்ற உடல்

வணக்கம் சார். ராபர்ட் கோபர் என்ற அமெரிக்கச் சிற்பி செய்த மெழுகு உடல் ஒன்றைப் படத்தில் பார்த்தேன். ஒரு பக்கம் ஆண் மார்பு, இன்னொரு பக்கம் பெண் மார்பு. ஆண், பெண் என்ற வழக்கமான வரையறைக்குள் அடங்காத பால்புதுமைக் (queer) கலை என்று கொண்டாடுகிறார்கள். நம் ஸ்தபதிகள் ஆயிரம் வருஷத்துக்கு முன்பே அர்த்தநாரியைச் செய்துவிட்டார்களே, இதில் என்ன புதுசு?
- ஒரு வாசகர், கும்பகோணம்

அன்புள்ள நண்பருக்கு,

எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் திருவெண்காட்டு அர்த்தநாரியை நீங்களும் பார்த்திருக்கலாம். வலப்பக்கம் இரண்டு கை, இடப்பக்கம் ஒன்றுதான். அந்தக் கணக்கே நமக்கு உறைக்காது. இடுப்பின் ஒசிவு அப்படி. எங்கேயும் ஒரு குறை தெரியாது.

கோபர் 1990இல் செய்ததில் தலை இல்லை, கை கால் இல்லை. இரண்டடி உயரம் இருக்கும். பாதி காலியான சிமெண்ட் மூட்டை மாதிரி தரையில் சரிந்து கிடக்கிறது. ஆண் பாதியில் நிஜ மனித முடி. அர்த்தநாரியில் இரண்டு பேர் கூடி ஒன்றாகிறார்கள். இங்கே கூட வந்தவர் யாரும் இல்லை. ஒற்றை ஆள்தான், அதுவும் கேட்பாரற்று.

உங்களுக்கு சுவாமிமலை கூப்பிடு தூரம். தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உரு செய்து, வண்டல் மண் பூசிச் சுடுவார்கள். மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் இறங்கும். உருகிப் போவதற்கென்றே செய்கிற மெழுகு அது. கோபரும் எடுத்தது தேன்மெழுகைத்தான், ஆனால் மெழுகோடு நிறுத்திக்கொண்டார். அவர் தன்பால் ஈர்ப்பாளர். நியூயார்க்கில் அவர் வயதுக்காரர்கள் எய்ட்ஸில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. உருப்படியான கூட்டு மருந்து வந்ததே 1996 வாக்கில்தான். அந்த நேரத்தில் உடலை அழியாத வெண்கலத்தில் வார்க்க அவருக்கு மனசு வந்திருக்காது என்று எனக்குப் படுகிறது.

அப்புறம், அதே சமயம் அவர் செய்த ஒரு கால் இருக்கிறது. பேன்ட், சாக்ஸ், ஷூ எல்லாம் போட்ட ஆண் கால், முழங்காலுக்குக் கீழே மட்டும், சுவரிலிருந்து தரையோடு நீட்டிக்கொண்டிருக்கும். சின்ன விமானம் ஒன்றில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அழகான ஆள் ஒருவரின் பேன்ட் மேலேறியிருக்க, தெரிந்த காலிலிருந்து கண்ணை எடுக்க முடியாமல் போனதாக கோபரே சொல்லியிருக்கிறார். நீங்கள் கேட்ட புதுசு எனக்கு இதில்தான் இருக்கிறது. சாக்ஸுக்கும் பேன்ட் விளிம்புக்கும் நடுவே நாலு விரற்கடை வெளிறிய தோல், அதில் முடி. அதைப் பார்த்துவிட்டு எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது.