இடம் மாறும் கொம்பு, முந்தி ஓடும் உதடு

கேள்வி: எங்கள் ஊர் நூலக வாசகர் வட்டத்துக்குப் போஸ்டர், வீடியோ எல்லாம் ஆசைக்காகச் செய்து கொடுக்கிறேன். பொங்கல் விழாவுக்காக கேன்வாவில் செய்த 10×6 அடி ஃப்ளெக்ஸில் கொம்பும் காலும் இடம் மாறி அச்சாகிவிட்டன. போனில் எடுத்த ஒரு மணி நேர வீடியோவில், போகப்போகப் பேச்சும் உதடும் ஒட்டவில்லை. எங்கே தப்பு?
- அறந்தாங்கி வாசகி

பதில்: உங்கள் டிசைனில் தப்பில்லை. இரண்டுமே கோப்பு கைமாறும் இடத்தில் வரும் கோளாறுகள்.

'பொ' என்பதை யூனிகோடில் முதலில் 'ப', அப்புறம் ஒகரக் குறி என்றுதான் சேமிக்கிறோம். கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துப் போடுவது மென்பொருளின் வேலை. அச்சுக் கடையிலிருக்கும் பழைய கோரல்டிரா டிசைன் மென்பொருளுக்கு அது தெரியாவிட்டால் எழுத்து கலைந்துவிடும். கேன்வாவில் 'பிடிஎஃப் பிரிண்ட்' எடுத்துக் கொடுங்கள். கோரலில் அதைத் திறக்கும்போது எழுத்தை 'டெக்ஸ்ட்' ஆகவா, 'கர்வ்ஸ்' ஆகவா என்று கேட்கும். 'கர்வ்ஸ்' என்று தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். எழுத்து அப்போதே வெறும் கோட்டு வடிவமாகிவிடும், கலையாது. ஆனால் பிழை திருத்தவும் முடியாது என்பதால், விருந்தினர் பெயர்களை வீட்டிலேயே இருவர் படித்துப் பார்த்துவிட வேண்டும். "நாங்களே பாமினியில் அடிச்சுக்கிறோம்" என்று, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் திரும்பத் தட்டச்சு செய்வதாகக் கடைக்காரர் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவசரத்தில் அடிக்கும்போதுதான் ணகரம் னகரமாகும்.

கேன்வாவில் 10 அடி அளவிலேயே பக்கம் திறக்க வேண்டாம். பத்தில் ஒரு பங்காக, 12×7.2 அங்குலத்தில் செய்து, கடையில் பத்து மடங்கு பெரிதாக்கச் சொன்னால் போதும். எழுத்து எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாது, புகைப்படம் உடையும். ஃப்ளெக்ஸில் 2 அடி உயரம் வரும் முகத்துக்கு, அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தால், சுமார் 1,730 பிக்சல் உயரம் தேவை. அதனால் படம் சுருங்காமல் வர, அதை வாட்ஸ்அப்பில் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். சட்டத்தில் மடித்து அடிக்க, ஃப்ளெக்ஸில் நான்கு ஓரமும் 3 அங்குலம் (உங்கள் சிறிய டிசைனில் 0.3 அங்குலம்) எழுத்தில்லாமல் விடுங்கள்.

இனி வீடியோ. தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு விலகல் என்றால் ஒலியைக் கொஞ்சம் நகர்த்தினால் முடிந்தது. உங்களுடையது போகப்போகக் கூடுகிறது. அப்படியானால் காரணம் பெரும்பாலும் மாறும் ஃபிரேம் ரேட்தான், அதாவது விநாடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) என்ற கணக்கு மாறிக்கொண்டே இருப்பது. போன் 30 என்று சொல்லிக்கொண்டாலும் வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம்களைக் குறைத்துக்கொள்ளும். எடிட்டர் அதைச் சீரான 30 என்று நம்பி ஓட்டினால், படம் ஒலியை முந்தும். சராசரி 29.9 ஆக இருந்தாலே ஒரு மணி நேரத்தில் 12 விநாடி விலகும்! ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள், வீண் வேலை.

ஹேண்ட்பிரேக் இலவச மென்பொருள். அதில் அசல் கோப்பைத் திறந்து, வீடியோ பகுதியில் ஃபிரேம்ரேட் 30, பக்கத்தில் 'கான்ஸ்டன்ட்' (மாறாத அளவு), தரம் ஆர்எஃப் 18 என்று வைத்து மாற்றுங்கள். 'பீக்' (உச்ச அளவு மட்டும்) என்பதை அப்படியே விட்டால் பயனில்லை. வந்த புதுக் கோப்பை 30 ஃபிரேம் டைம்லைனில் வைத்து எடிட் செய்யுங்கள்; அசலை அழிக்க வேண்டாம்.

அடுத்த விழாவில் போனின் 'புரோ' வசதியில் ஷட்டரை (ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஒளி வாங்கும் நேரம்) 1/50 அல்லது 1/100 விநாடி என்று நிறுத்திவிடுங்கள். வெளிச்சம் குறைந்தால் போன் ஃபிரேம்களைக் குறைப்பது மட்டுப்படும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், மண்டபத்து டியூப்லைட் வீடியோவில் பட்டை பட்டையாகத் துடிப்பதும் அதோடு நிற்கும்.