சம்பளம் 30% கூடும், பயணமும் நீளும்: வேலை மாறலாமா?

கேள்வி: இப்போது 20 நிமிடத்தில் வேலைக்குப் போய்விடுகிறேன். புதிய வேலையில் 30% சம்பளம் அதிகம். ஆனால் போக 75 நிமிடம், வர 75 நிமிடம். மகிழ்ச்சி கூடுமா?

பதில்: முதலில் பயணத்தையும் வேலை நேரமாகச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். இன்றைய நாள் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். எட்டு மணி நேர வேலை, 40 நிமிடப் பயணம்: மணிக்கு 11.54. புதிய வேலையில் 130. ஆனால் பத்தரை மணி நேரம்: மணிக்கு 12.38. உயர்வு 7 சதவீதத்துக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கூடுதல் வரியும் பயணச் செலவும் அந்த 30-இல் 9-ஐத் தின்றுவிட்டால் அதுவும் போச்சு. மாதம் 22 வேலை நாள் என்றால், கூடுதலாக 40 மணி நேரம் வழியிலேயே கழியும். அது முழுசாக ஒரு வார வேலை நேரம்.

பணத்தால் மகிழ்ச்சி வராது என்று நான் சொல்லமாட்டேன். அன்றாட மனநிலை ஆண்டுக்கு 75,000 டாலர் வருமானத்துக்கு மேல் உயர்வதில்லை என்று 2010-இல் உளவியலாளர் டேனியல் கானமனும் பொருளாதார அறிஞர் ஆங்கஸ் டீட்டனும் அமெரிக்கர்களைப் பற்றி எழுதினார்கள். 2023-இல் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த், பார்பரா மெல்லர்ஸ் இருவரோடும் சேர்ந்து கானமனே மறுபடி ஆராய்ந்தபோது, அப்படி நின்றுபோவது மகிழ்ச்சி மிகக் குறைந்தவர்களிடம் மட்டுமே தெரிந்தது. ஆனால் இந்த ஏற்றம் விகிதக் கணக்கில் நடப்பது: வருமானம் ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் ஏறக்குறைய ஒரே அளவுதான் மகிழ்ச்சி கூடும். சம்பளம் இரட்டிப்பானால் கிடைக்கும் பலனில் 38% அளவைத்தான் உங்கள் 30% உயர்வு தரும்.

பயணத்தின் பாதிப்போ தினசரி வருவது. டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாகப் பிரித்து எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று மதிப்பிட்ட 2004 ஆய்வில், வேலைக்குப் போகும் காலைப் பயணம்தான் கடைசி இடத்தில் இருந்தது. ஜெர்மானியக் குடும்பங்களின் பல ஆண்டுத் தரவை ஆராய்ந்த பொருளாதார அறிஞர்கள் அலாய்ஸ் ஸ்டட்ஸரும் புரூனோ ஃப்ரையும், நீண்ட பயணத்தின் இழப்பைச் சம்பளமோ குறைந்த வாடகையோ முழுதாக ஈடுகட்டவில்லை என்று 2008-இல் காட்டினார்கள். புதுச் சம்பளம் நாளடைவில் பழகிவிடும். இன்று எவ்வளவு நேரமாகும் என்றே தெரியாத நெரிசல் அப்படிப் பழகாது.

முடிவெடுக்கும் முன் ஒரு வாரம், வேலை நேரத்திலேயே அந்த வழியில் போய்வந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமைச் சோதனை ஏமாற்றிவிடும். இரவில் அன்றைய நாளைத் துண்டு துண்டாக எழுதி, ஒவ்வொன்றும் எவ்வளவு மகிழ்ச்சி தந்தது என்று 0 முதல் 6 வரை மதிப்பெண் போடுங்கள். தூக்கம், குடும்பம், நட்பு இவற்றில் எதிலிருந்து அந்த நேரம் பிடுங்கப்படுகிறது என்பது அதில் தெரிந்துவிடும். பெரும்பாலும் இந்த இடத்தில்தான் கணக்கு தவறுகிறது.

கடன் கழுத்தை நெரித்தாலோ, இப்போதைய வேலையே ஆட்டம் கண்டிருந்தாலோ தயங்காமல் மாறுங்கள்; வேலையின்மை தரும் அடி இதைவிட மிகப் பெரியது. இல்லையென்றால், வாரம் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்ய அனுமதி கேளுங்கள். மூன்று நாள் மட்டும் போய்வந்தால் அதே 7% உயர்வு, வரிக்கும் செலவுக்கும் முன், 19% அளவுக்குப் போகும். அது கிடைத்தால் நான் சரி என்பேன்.