சித்தியிடம் சொல்லலாமா?

அன்புள்ள ஐயா,

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். எந்த மருந்து கொடுப்பது என்று முடிவுசெய்ய மரபணுப் பரிசோதனை எடுத்தார்கள். பிஆர்சிஏ1 என்ற மரபணுவில் பிறழ்வு (புற்றுநோய் வாய்ப்பைக் கூட்டும் மாற்றம்) இருக்கிறதாம். சித்தியிடம் சொல்லிவிடுங்கள் என்கிறார் டாக்டர். சித்தி மகளுக்கு வரன் பார்க்கிறார்கள். "யாரிடமும் மூச்சு விடக்கூடாது" என்று அம்மா சத்தியம் வாங்கிவிட்டார். என்ன செய்ய?

ஆர்., நங்கநல்லூர், சென்னை

அன்புள்ள ஆர்.,

அம்மாவின் பயம் வீண் பயமில்லை. 'பரம்பரை வியாதி' என்று காதில் விழுந்தாலே ஜாதகத்தைத் திருப்பி அனுப்புகிற ஊர் இது. ஆனால் ரிப்போர்ட்டில் அம்மா பெயர் இருந்தாலும் விஷயம் அவரோடு நிற்பதில்லை. பெரும்பாலும் இது தாத்தா வழியாகவோ பாட்டி வழியாகவோ வந்திருக்கும். அப்படியென்றால் சித்திக்கு இருக்க 50 சதவீத வாய்ப்பு. அவருக்கு இல்லையென்றால் அவர் வழியாக மகளுக்கு வராது. இருந்தால், எம்ஆர்ஐ, மேமோகிராம் என்று முன்கூட்டியே கண்காணிக்கலாம். ஆகவே முதலில் சித்தி மட்டும். வரன் வீட்டாருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. (மாமா இருக்கிறாரா? ஆண்தானே என்று விடாதீர்கள். ஆண்களும் இதைப் பிள்ளைகளுக்குக் கடத்துவார்கள்.)

அம்மாவிடம் "வெளியே சொல்லட்டுமா" என்று கேட்காதீர்கள். "உன் தங்கச்சிக்குச் சொல்லட்டுமா" என்று கேளுங்கள். அவர் தலையாட்டினால், அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது சித்தியையும் அழைத்துப்போங்கள். தயவுசெய்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். நான் ஒருமுறை லேபில் அவசரத்துக்கு மைத்துனரின் நம்பரைக் கொடுத்தேன். சாயங்காலத்துக்குள் என் சர்க்கரை அளவு குடும்ப குரூப்பில் வந்து, பெரியப்பா வெந்தயம் சிபாரிசு செய்திருந்தார். சர்க்கரையாக இருந்ததால் சிரித்துவிட்டுப் போனோம்.

சட்டத்தை நம்பிக் கவனக்குறைவாக இருக்கவும் முடியாது. 2017இல் உச்ச நீதிமன்றம் அந்தரங்கத்தை அடிப்படை உரிமை என்றது, சரி. ஆனால் மரபணுவை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாதென்று நம்மிடம் தனிச்சட்டம் கிடையாது. அமெரிக்காவின் 2008ஆம் ஆண்டுச் சட்டம்கூட ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. எச்சில் மாதிரி வாங்கிப் பரிசோதித்த 23அண்ட்மீ நிறுவனத்திலிருந்து 2023இல் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் கசிந்தன. 2025இல் அது திவால் மனு போட்டது. கடவுச்சொல் கசிந்தால் மாற்றிக்கொள்ளலாம். மரபணுவை என்ன செய்வது? ஒப்புதல் படிவத்தில் 'மீதி மாதிரியை ஆராய்ச்சிக்குப் பயன்படுத்தலாம்' என்ற கட்டத்தில் அம்மா டிக் போட்டாரா, அதையும் பாருங்கள்.

ஒன்று கவனித்தேன். சித்தி, சித்தி மகள், வரன் என்று எழுதியவர் உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. உங்களுக்கும் அதே 50தான். பரிசோதிக்காமல் இருக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அதை நீங்களே முடிவுசெய்யுங்கள், அம்மாவின் சத்தியம் முடிவுசெய்ய வேண்டாம்.