கிஸ்மிஸ் பழுப்பாகிவிட்டால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று அர்த்தமா?

பொன்னிறமாக வாங்கிய கிஸ்மிஸ் மூன்றே மாதத்தில் பழுப்பாகிவிட்டது, பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். குமுளியில் ஏலக்காய், மிளகு, முந்திரி, கிஸ்மிஸ் விற்கும் கடை வைத்திருப்பவன் நான். கடைக்காரன் கடைக்காரனுக்குத்தான் வக்காலத்து வாங்குவான் என்று யாராவது கீழே எழுதுவார்கள். எழுதட்டும். முழுசாகப் படித்துவிட்டு எழுதினால் போதும்.

நீங்கள் தேக்கடிக்கு வந்தபோது வாங்கியிருப்பீர்கள். வீட்டில் அடுப்புக்கு மேலே இருக்கும் அலமாரியில், கண்ணாடி ஜாடியில் வைத்திருப்பீர்கள். சரியா?

நான் செய்தது அதைவிட மோசம். சில வருடங்களுக்கு முன், விலை இறங்கியிருக்கிறதே என்று மே மாதம் 15 கிலோப் பெட்டி நான்கு வாங்கினேன். மகாராஷ்டிரத்தில் சாங்கிலிப் பக்கத்துப் புதுச் சரக்கு, இளம்பச்சை. ஓணத்துக்கு ஆகும் என்று கடைப் பரணில் ஏற்றிவிட்டேன். மேலே தகரக்கூரை. மே முழுக்க அது காய்ந்தது. ஜூனில் மழை பிடித்தது; குமுளி மழை தெரியுமல்லவா, உப்பு ஜாடியே அழும். இரண்டு பெட்டியை வேறு நான் பிரித்துப் பார்த்துவிட்டுச் சரியாக மூடவில்லை.

ஓணத்துக்கு முந்தின வாரம் இறக்கினால் எல்லாம் பால் விடாத கட்டன்சாயா நிறம். கோட்டயத்திலிருந்து வந்த ஒரு அம்மா கையில் நாலு எடுத்துப் பார்த்துவிட்டு, "சேட்டா, இது பழய ஸ்டாக்கல்லே?" என்றார். கடையில் ஐந்தாறு பேர் நிற்கிறார்கள். இல்லை அம்மா, இந்த வருடத்துச் சரக்குதான் என்று நான் சொன்னது எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. அந்த அம்மா வைத்துவிட்டுப் போய்விட்டார், பின்னாலேயே மற்றவர்களும்.

சரக்கு அனுப்பிய மொத்த வியாபாரியைப் போனில் பிடித்துக் கத்தினேன். அவர் நிதானமாக, "அண்ணே, எங்கே வெச்சிருந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். பரண் என்றதும் சிரித்துவிட்டார். அங்கே கிஸ்மிஸைக் குளிர்பதனக் கிடங்கில் 4, 5 டிகிரியில்தான் மாதக்கணக்கில் வைப்பார்களாம். நான் நம்பவில்லை. அன்று ராத்திரி வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு பொட்டலம் கிடைத்தது. அதே பெட்டியிலிருந்து மே மாதம் பாயசத்துக்கு என்று என் மனைவி எடுத்து வைத்து மறந்த அரைக்கிலோ. வந்த அன்று இருந்த அதே இளம்பச்சை. அதற்கப்புறம் யாரைத் திட்டுவது?

அக்கா மகள் உணவுத் தொழில்நுட்பம் படித்தவள். அவள் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். வேதியியல்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். நறுக்கிய வாழைக்காய் கறுக்கிறதே, அந்த மாதிரி ஒரு நொதி திராட்சையிலும் உண்டு. காற்றுப் பட்டால் அது வேலையைக் காட்டும். அதனால்தான் பச்சைக் கிஸ்மிஸுக்குத் திராட்சையைப் பொட்டாசியம் கார்பனேட்டும் எத்தில் ஓலியேட் என்கிற எண்ணெயும் கலந்த தண்ணீரில் முக்கி, நிழலில் காயப்போடுகிறார்கள். தோலின் மெழுகு இளகி ஈரம் சீக்கிரம் போய்விடும், நொதிக்கு நேரம் கிடைக்காது. முக்காமல் வெயிலில் காய்ந்தது முதலிலேயே பழுப்பு.

இது காயும்போது நடப்பது. டப்பாவுக்குள் நடப்பது பெரும்பாலும் வேறு. பால்கோவா கிண்டக் கிண்ட நிறம் ஏறுகிறதே, அதுதான். பழத்தின் சர்க்கரையும் அதிலுள்ள அமினோ அமிலங்களும் சேர்ந்து பழுப்பாகின்றன. அதற்கு அடுப்பு வேண்டியதில்லை. தகரக்கூரைச் சூடும் கொஞ்சம் ஈரமும் இருந்தால் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். நன்றாகக் காய்ந்த கிஸ்மிஸில் 13 முதல் 15 சதவீதம் ஈரம் இருக்கும். மழைக்காலத்தில் திறந்து வைத்தால் இன்னும் உறிஞ்சிக்கொள்ளும். தங்க நிறத்துக்கு என்று கந்தகப் புகை போட்ட சரக்கு சில காலம் தாங்கும். ஆனால் அந்தக் கந்தகமும் நாளாக ஆகக் குறையும், பிறகு அதுவும் நிறம் மாறும்.

வெளிச்சமும் சேர்த்தி. என் கடை முகப்பு ஜாடியில் கண்ணாடியை ஒட்டிய பழங்கள் பழுப்பு, நடுவில் இருந்தவை பொன்னிறம். கண்ணால் பார்த்தது.

மேலே வெள்ளையாகப் பூத்தால் உடனே பூஞ்சை என்று கொட்டிவிடாதீர்கள். வெந்நீரில் போட்டுப் பாருங்கள், கரைந்தால் சர்க்கரை. நூல் நூலாக இருந்தாலோ புளித்த வாடை அடித்தாலோ கொட்டுங்கள்.

இங்கே வருகிறவர்கள் பாதிப் பேர் இது கம்பம் திராட்சையா என்று கேட்கிறார்கள். கம்பம் மலைக்குக் கீழே 20 கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் அங்கே பேர்பெற்றது பன்னீர் திராட்சை. விதை உள்ளது, அப்படியே தின்பதற்கானது. கிஸ்மிஸுக்கு விதையில்லாத தாம்சன் ரகம். இன்னொரு கூத்து, மலையாளிகளுக்கு முந்திரி என்றால் திராட்சை. "உணக்கமுந்திரி" கேட்டவருக்கு என் கடைப் பையன் முந்திரிப்பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டான்.

ஏமாற்று வேறெங்கே என்றும் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கடைக்கு அழைத்து வரும் ஓட்டுநருக்குக் கமிஷன் கொடுக்கும் கடைகள் உண்டு. அது உங்கள் பில்லில்தான் ஏறும். நான் கொடுப்பதில்லை, அதனால் வண்டி என் கடை வாசலில் நிற்பதும் இல்லை. இதைக் கேட்பார் யாரும் இல்லை. கிஸ்மிஸ் பழுப்பானால் மட்டும் நான் திருடன்.

அந்த 60 கிலோவை என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தின்று பார்த்தால் சற்றே கருகல் வாசம் கலந்த இனிப்பு, மற்றபடி கெடவில்லை. கிறிஸ்துமஸுக்குப் பிளம் கேக் போடும் பேக்கரிக்காரர் ஒருவர் பாதி விலைக்கு எடுத்துக்கொண்டார். கறுப்புக் கேக்குக்குள் யார் நிறம் பார்க்கப் போகிறார்கள்? உங்களுடையதையும் பாயசத்திலோ கேக்கிலோ போட்டுத் தீர்த்துவிடுங்கள். அடுத்த முறை கால் கிலோ மட்டும் வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் ஃபிரிட்ஜில் வையுங்கள்.