777 கொடுத்தும் "பெர்மிஷன் டினைடு" வருவது ஏன்?

ஹோம் ஃபோல்டரிலிருந்து வெப் சர்வரின் ஃபோல்டருக்கு எம்வி கட்டளை கொண்டு நகர்த்திய ஃபைல், சிஎச்மாட் 777 (எல்லோருக்கும் எல்லா அனுமதியும்) கொடுத்த பிறகும் திறக்கவில்லை என்றால், ஃபெடோரா, ரெட் ஹேட் வகை சிஸ்டங்களில் முதலில் சந்தேகப்பட வேண்டியது லினக்ஸின் கூடுதல் பாதுகாப்பு அடுக்கான எஸ்ஈலினக்ஸைத்தான். அந்த 777-ஐ உடனே திரும்ப எடுத்துவிடுங்கள், அது இங்கே எதையும் சரிசெய்யாது, யார் வேண்டுமானாலும் எழுதலாம் என்று கதவை மட்டும் திறந்துவைக்கும்.

வழக்கமான அனுமதிகளைத் தாண்டி ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு எஸ்ஈலினக்ஸ் லேபிள் உண்டு, எல்எஸ் கட்டளையோடு பெரிய இசட் சேர்த்தால் தெரியும். எம்வி பழைய லேபிளை அப்படியே கொண்டுவரும், அதனால் உங்கள் ஃபைல் இன்னும் 'யூசர்_ஹோம்_டி' என்றே இருக்கும், வெப் சர்வருக்கு அதைத் தொட உரிமை கிடையாது. நகலெடுக்கும் சாதாரண சிபி கட்டளை என்றால் புதிய இடத்தின் லேபிளே கிடைத்திருக்கும்.

சரி, தீர்வு: ரூட்டாக (நிர்வாகி கணக்கில்), லேபிளைச் சரிசெய்யும் ரீஸ்டோர்கான் கட்டளையை பெரிய ஆர், சிறிய வி சேர்த்து அந்த ஃபோல்டர் மேல் ஓட்டுங்கள். பெரும்பாலும் அவ்வளவுதான்.

நீங்களே புதிதாக உருவாக்கிய ஃபோல்டர் என்றால் முதலில் செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கட்டளை மூலம் அதற்கு எந்த லேபிள் என்ற விதியைச் சேர்த்துவிட்டு, அப்புறம் ரீஸ்டோர்கான். லேபிளை நேரடியாக மாற்றும் சிஎச்கான் மட்டும் போட்டால், விதிப்படி லேபிள்கள் மீண்டும் இடப்படும் அடுத்த ரீலேபிளில் மாற்றம் போய்விடும்.

காரணம் இதுதானா என்று உறுதிசெய்ய ஆடிட் லாகில் (பாதுகாப்புப் பதிவு ஃபைலில்) 'ஏவிசி டினைடு' என்று, அதாவது எஸ்ஈலினக்ஸ் தடுத்த பதிவைத் தேடுங்கள். எஸ்ஈலினக்ஸின் தடையைத் தற்காலிகமாக நிறுத்தும் செட்என்ஃபோர்ஸ் 0 போட்டும் சோதிக்கலாம், ஆனால் சோதித்ததும் 1-க்குத் திருப்புங்கள், தயவுசெய்து எஸ்ஈலினக்ஸை நிரந்தரமாக அணைத்துவிடாதீர்கள்.