வாசகர் கேள்விகள்: கூட்டாளிக்காக யார் செலவழிப்பது?

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அமெரிக்க வலதுசாரிகளையும், அமெரிக்காவும் கனடாவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவையும் பற்றியவையாக இருந்ததால், சினிமா, கிரிக்கெட் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். அந்த வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

நேட்டோவைக் கட்டிக்காக்க வேண்டும் என்கிறவரும் பழமைவாதி, அதிலிருந்து விலக வேண்டும் என்கிறவரும் பழமைவாதி. இருவரும் ஒரே குடியரசுக் கட்சியில்தான் இருக்கிறார்கள். இதில் யார் அசல்?
*வாசகர், திண்டுக்கல்*

இருவரும் அசல்தான். இந்தச் சண்டை ட்ரம்ப் காலத்தில் தொடங்கியதும் அல்ல. நம் ஊரில் கூட்டணி என்பது தொகுதிப் பங்கீட்டோடு பிறந்து வாக்கு எண்ணிக்கையோடு முடிகிற ஏற்பாடு. அமெரிக்கப் பழமைவாதிகளுக்கோ அந்தச் சொல்லின்மீது நூற்றைம்பது ஆண்டுக் கூச்சம் இருந்தது. 1796-இல் ஜார்ஜ் வாஷிங்டன் விடைபெறும்போது நிரந்தரக் கூட்டணிகள் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுப் போனதை அவர்கள் மூத்தோர் சொல்லாகவே எடுத்துக்கொண்டார்கள்.

1949 ஜூலை 21 அன்று, நேட்டோவை உருவாக்கிய வட அட்லாண்டிக் உடன்படிக்கையை நாடாளுமன்ற மேலவையான செனட் 82-க்கு 13 என்ற கணக்கில் ஏற்றது. எதிர்த்த பதின்மூவரில் ஒருவர் ஒஹையோவின் ராபர்ட் டாஃப்ட். முன்னாள் அதிபர் வில்லியம் ஹோவர்ட் டாஃப்டின் மகனான இவரை 'மிஸ்டர் ரிபப்ளிகன்' என்றே அந்நாளில் அழைத்தார்கள். இவரைச் சோவியத் யூனியனின் ஆபத்தை அறியாத அப்பாவி என்று பலர் எழுதுவது சரியல்ல. மேற்கு ஐரோப்பாவைத் தாக்கினால் அமெரிக்காவுடன் போர் மூளும் என்று மாஸ்கோவை வெளிப்படையாக எச்சரிப்பதற்கு அவர் ஆயத்தமாகவே இருந்தார். குறைந்தது இருபது ஆண்டுகளுக்குக் கையைக் கட்டிக்கொண்டு, ஐரோப்பிய நாடுகளுக்கு ஆயுதம் தருகிற பொறுப்பையும் தலையில் ஏற்றிக்கொள்வதைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை. ஆயுதத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு வரி வேண்டும், போர்க்கால வரிக்குப் பின்னால் விலைக்கட்டுப்பாடும் அதை நடத்த அதிகாரிகளும் வருவார்கள். இவை எல்லாவற்றையும் தொடங்கிவைக்கும் முடிவு அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் கையைவிட்டு அதிபரின் கைக்குப் போய்விடும். அவருடைய கவலை உள்நாட்டைப் பற்றியதாகவே இருந்தது என்பது என் வாசிப்பு.

எதிர்ப்பக்கம் நின்றவரும் அதே கட்சிக்காரர்தான். மிச்சிகனின் ஆர்தர் வாண்டன்பர்க், ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதல்வரை, அயல்நாட்டுச் சண்டைகளில் சேராமல் தனித்திருத்தலைப் போதித்தவர். 1945 ஜனவரியில் செனட்டில் ஆற்றிய உரையில் மனம் மாறி, 1948 ஜூனில் 64-க்கு 4 என்று நிறைவேறிய தம் தீர்மானத்தின் வழியாக நேட்டோவுக்குப் பாதை போட்டுக்கொடுத்தார்.

இந்தப் பிளவின் நடுவே ஒரு துண்டுக் காகிதம் கிடக்கிறது. 1951 தொடக்கத்தில், நேட்டோ படைகளின் தலைமைத் தளபதியாக ஐரோப்பாவில் பொறுப்பேற்கவிருந்த ஐசனாவர், பாதுகாப்புத் துறைத் தலைமையகமான பென்டகனில் டாஃப்டைத் தனியே சந்தித்தார். கூட்டுப் பாதுகாப்பை ஆதரிப்பதாக டாஃப்ட் வாக்களித்துவிட்டால், தாம் அதிபர் தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவிக்கும் வாசகத்தை முன்கூட்டியே எழுதித் தயாராக வைத்திருந்ததாகப் பிற்காலத்தில் ஐசனாவரே நினைவுகூர்ந்திருக்கிறார். டாஃப்ட் பிடிகொடுக்கவில்லை. அவர் போனதும் காகிதம் கிழிபட்டது. மறு ஆண்டு சிகாகோ மாநாட்டில் டாஃப்டைத் தோற்கடித்து வேட்பாளரானவர் ஐசனாவர். 1953 ஜூலையில் டாஃப்ட் இறந்துபோனார். அதே 1951-இல் ஐசனாவர் எழுதிய ஒரு கடிதத்தில், பத்தாண்டுகளுக்குள் அமெரிக்கப் படைகள் ஐரோப்பாவிலிருந்து திரும்பாவிட்டால் இந்த முயற்சி முழுவதுமே தோல்வி என்று பொருள் எனக் கூறியிருக்கிறார். அப்படியானால் இருவருக்கும் இடையே இருந்த தூரம் நாம் நினைக்கிற அளவுக்குப் பெரிதில்லை. ஒருவர் நுழையவே வேண்டாம் என்றார், மற்றவர் நுழைந்துவிட்டுச் சீக்கிரம் திரும்பிவிடலாம் என்று நம்பினார்.

அரசு சிறியதாக இருக்க வேண்டும் என்று முழங்குகிறவர்களே ராணுவத்துக்கு மட்டும் கேட்டதற்கு மேல் கொடுக்கிறார்களே, இது முரண்பாடு இல்லையா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

முரண்பாடுதான். அதை மறைக்காமல் ஒப்புக்கொண்ட பழமைவாதிகளும் உண்டு. 1952-இல், இன்னும் முப்பது வயதை எட்டாத வில்லியம் பக்லி, சோவியத் அபாயம் நீடிக்கும்வரை உள்நாட்டில் பெரிய அரசைச் சகித்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று கசப்போடு எழுதினார். மூன்றாண்டு கழித்து 'நேஷனல் ரிவியூ' இதழைத் தொடங்கியவர் இவர்தான். சந்தைச் சுதந்திரக்காரர், சமயப் பற்றாளர், கம்யூனிச எதிர்ப்பாளர் ஆகிய மூன்று கூட்டத்தாரையும் ஒரே பந்தியில் உட்காரவைத்த இதழ் அது. மூவருக்கும் பொதுவான உணவு மாஸ்கோமீதான அச்சமாக இருந்தது. 1991-இல் சோவியத் யூனியன் மறைந்ததும் பந்தி கலைந்ததில் வியப்பில்லை.

இதன் உள்நாட்டு விளைவுகளைத்தான் ஆசிரியரான தாங்கள் கவனிக்க வேண்டும். சாதாரணக் காலத்தில் ஒரு குடியரசுக் கட்சி அரசு மத்தியக் கருவூலத்திலிருந்து செய்யத் தயங்கியிருக்கும் செலவுகள், பாதுகாப்பு என்ற முத்திரையோடு வந்தபோது எளிதில் நிறைவேறின. 1956-இல் அதிபர் ஐசனாவர் கையெழுத்திட்ட நெடுஞ்சாலைச் சட்டம் சுமார் 41,000 மைல் நீளமுள்ள சாலை வலைப்பின்னலுக்கு வழிவகுத்தது; அந்த வலைப்பின்னலின் அதிகாரப்பூர்வப் பெயரிலேயே 'பாதுகாப்பு' என்ற சொல் சேர்க்கப்பட்டது. 1957 அக்டோபரில் சோவியத் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தது. மறு ஆண்டே 'தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம்' வந்தது. கணிதம், அறிவியல், அயல்மொழிகள் ஆகியவற்றைக் கற்பிக்க மத்திய அரசின் பணம் பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பாய்ந்தது. கல்வி மாநிலங்களின் பொறுப்பு என்று பரம்பரையாகச் சொல்லிவந்தவர்களும் கைதூக்கினார்கள்.

கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டவரும் ஐசனாவரே. 1961 ஜனவரி 17 அன்று ஆற்றிய விடைபெறும் உரையில், ராணுவமும் ஆயுதத் தொழிலும் கைகோத்துப் பெறும் செல்வாக்கைப் பற்றி எச்சரித்தார். இன்று அதை இடதுசாரிகளே அதிகம் மேற்கோள் காட்டுவதால், அது ஒரு பழமைவாதத் தளபதி வரவுசெலவைப் பார்த்துச் சொன்னது என்பது மறந்துபோகிறது.

நேட்டோவின் ஐந்தாம் பிரிவு எத்தனை முறை பயன்படுத்தப்பட்டிருக்கிறது?
*கல்லூரி மாணவி, மதுரை*

ஓர் உறுப்பு நாட்டின்மீதான தாக்குதலை எல்லோர்மீதுமான தாக்குதலாகக் கருதும் பிரிவு அது. பயன்பட்டது ஒரே ஒரு முறை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. ஐரோப்பாவிலிருந்து நேட்டோவின் ரேடார் விமானங்கள் வந்து அமெரிக்க வானத்தில் ரோந்து சுற்றின. போட்டித் தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்றால் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: ஒரு நாடு தாக்கப்பட்டால் மற்றவை தானாகவே போரில் இறங்க வேண்டும் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை; தேவை என்று ஒவ்வொரு நாடும் கருதும் நடவடிக்கையை எடுக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது.

செனட் ஒப்புதல் தந்த உடன்படிக்கையிலிருந்து ஓர் அதிபர் தன்னிச்சையாக விலக முடியுமா?
*வழக்கறிஞர், கோவை*

தங்கள் தொழிலுக்குரிய கேள்வி. உடன்படிக்கை செய்ய மூன்றில் இரண்டு பங்கு செனட்டர்களின் ஒப்புதல் வேண்டும் என்று கூறும் அமெரிக்க அரசமைப்பு, அதிலிருந்து வெளியேறுவது எப்படி என்று ஒரு வரியும் கூறவில்லை. சீனாவோடு உறவு கொள்வதற்காகத் தைவானுடனான பாதுகாப்பு உடன்படிக்கையை அதிபர் கார்ட்டர் தாமாகவே முடித்தபோது, பழமைவாதிகளின் தலைமகனாக இருந்த செனட்டர் பேரி கோல்ட்வாட்டர் நீதிமன்றம் போனார். 1979 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், சிக்கலின் உள்ளே நுழையாமலேயே வழக்கைத் தள்ளிவிட்டது. அதிபரின் கையைக் காங்கிரஸ் பிடித்து நிறுத்த வேண்டும் என்பதுதான் அன்றைய வலதுசாரி வாதம் என்பதைக் கவனியுங்கள்.

அதற்கும் முன்னே ஒரு வாத்துக் கதை இருக்கிறது. வலசை போகும் பறவைகளைக் காக்க, கனடாவின் பொருட்டுப் பிரிட்டனுடன் அமெரிக்கா 1916-இல் உடன்படிக்கை செய்தது. எங்கள் மாநில வானத்தில் பறக்கும் வாத்தைச் சுடுவது பற்றி வாஷிங்டன் எப்படிச் சட்டம் போடலாம் என்று மிசூரி மாநிலம் வழக்குத் தொடுத்தது. உடன்படிக்கையை நிறைவேற்றுவதற்காகப் போடலாம் என்று 1920-இல் தீர்ப்பு வந்தது. இன்று வாத்து, நாளை எதுவோ என்ற அச்சத்தை ஒஹையோ செனட்டர் ஜான் பிரிக்கர் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, உடன்படிக்கைகளின் அதிகாரத்துக்கு வரம்பு கட்டும் ஓர் அரசமைப்புத் திருத்தமாகவே கொண்டுவந்தார். ஐக்கிய நாடுகளின் மனித உரிமை உடன்படிக்கைகள் மாநிலச் சட்டங்களுக்கு மேலே ஏறி உட்கார்ந்துவிடும் என்பது அவர் தரப்பு வாதம். தென்மாநிலச் செனட்டர்கள் பலர் மனத்தில் இருந்தது நிறப்பிரிவினைச் சட்டங்கள்தான் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கதை பாதிக் கதைதான். சொந்தக் கட்சி அதிபரான ஐசனாவரே எதிர்த்தார். 1954 பிப்ரவரியில் அதன் மாற்று வடிவம் 60-க்கு 31 என்ற நிலையில், வேண்டியிருந்த மூன்றில் இரண்டு பங்குக்கு ஒரே ஒரு வாக்குக் குறைவால் தோற்றது.

நேட்டோவைப் பொறுத்தவரை, 2023 இறுதியில் சட்டமான பாதுகாப்புத் துறை மசோதாவில் ஒரு பிரிவு சேர்க்கப்பட்டது. செனட்டின் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதலோ காங்கிரஸின் சட்டமோ இல்லாமல் அதிபர் விலகக் கூடாது என்கிறது அது. முன்மொழிந்தவர்கள் ஜனநாயகக் கட்சியின் டிம் கெய்ன், குடியரசுக் கட்சியின் மார்கோ ரூபியோ. அதே ரூபியோ 2025 ஜனவரியில் ட்ரம்பின் வெளியுறவு அமைச்சரானார். அரசியலில் இப்படியும் நடக்கும். அந்தப் பிரிவு நீதிமன்றத்தில் நிற்குமா என்பது தங்களைப் போன்றோர் வாதாட வேண்டியது.

சோவியத் யூனியனைத் தீமையின் பேரரசு என்ற ரீகனையே வலதுசாரிகள் திட்டினார்கள் என்பது உண்மையா?
*வாசகர், காரைக்குடி*

உண்மை. 1987 டிசம்பரில் சோவியத் தலைவர் கோர்பச்சேவுடன் நடுத்தர தூர ஏவுகணை ஒழிப்பு உடன்படிக்கையில் அவர் கையெழுத்திட்டபோது, ஹோவர்ட் ஃபிலிப்ஸ் என்ற வலதுசாரித் தலைவர், சோவியத் பிரசாரத்துக்குப் பயன்படும் முட்டாள் என்று அவரை ஏசினார். செனட் மறு ஆண்டு மே மாதம் 93-க்கு 5 என்று ஏற்றது. எதிர்த்த ஐவரில் நால்வர் ரீகனின் கட்சியினர்.

இந்தியா நட்பு நாடு என்கிறார்கள், எங்கள் பனியனுக்கு வரி போடும்போது தேசியப் பாதுகாப்பு என்கிறார்கள். பனியனால் அமெரிக்காவுக்கு என்ன ஆபத்து?
*பின்னலாடை ஏற்றுமதியாளர், திருப்பூர்*

பனியனால் ஒன்றும் இல்லை. 2025 ஆகஸ்டில் இந்தியப் பொருள்கள்மீது முதலில் 25, பிறகு ரஷ்ய எண்ணெய் வாங்குவதைக் காரணம் காட்டி மேலும் 25 என்று 50 விழுக்காடு வரி வந்தபோது, அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது 1977-ஆம் ஆண்டின் நெருக்கடிகால அதிகாரச் சட்டம். இந்தியா அமெரிக்காவுடன் பாதுகாப்பு உடன்படிக்கை செய்துகொண்ட நாடும் அல்ல. செய்துகொண்ட நாடுகளும் தப்பவில்லை: நேட்டோவின் தொடக்க உறுப்பினரான கனடாவின் எஃகுமீது 2018-இல் 25 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது, அதுவும் தேசியப் பாதுகாப்பின் பெயரால், கென்னடி காலத்து 1962 சட்டத்தின் 232-ஆம் பிரிவைத் தூசி தட்டி எடுத்து.

தங்களுக்கு இது துரோகமாகத் தோன்றலாம். ஆனால் காப்புவரி குடியரசுக் கட்சியின் பழைய வீட்டுப் பழக்கம். அதிபர் மெக்கின்லி காலத்திலும், 1930-இன் ஸ்மூட்-ஹாலி காப்புவரிச் சட்டத்திலும் அதுவே கட்சியின் கொள்கை. தடையற்ற வணிகம்தான் இடையில் வந்த விருந்தாளி. 1993-இல் வட அமெரிக்க வணிக ஒப்பந்தத்துக்குப் பிரதிநிதிகள் அவையில் குடியரசுக் கட்சியினர் 132 பேரும், அதிபர் கிளின்டனின் சொந்தக் கட்சியினர் 102 பேரும் வாக்களித்தார்கள். அன்று அப்படி வாக்களித்த கட்சிதான் இன்று ஆலைகள் மூடிய ஒஹையோ, பென்சில்வேனியா ஊர்களில் வாக்குக் கேட்டு நிற்கிறது. பிரான்ஸிலும் ஜெர்மனியிலும் இருக்கும் கூட்டாளிகளுக்கு அங்கே வாக்கில்லை, திருப்பூருக்கும் இல்லை.

உக்ரைன் உதவியில் குடியரசுக் கட்சி சரிபாதியாகப் பிளந்ததாமே?
*வாசகர், சென்னை*

2024 ஏப்ரல் 20 அன்று பிரதிநிதிகள் அவையில் சுமார் 6,100 கோடி டாலர் உதவி மசோதா 311-க்கு 112 என்று நிறைவேறியது. எதிர்த்த 112 பேரும் குடியரசுக் கட்சியினர். ஆதரித்த குடியரசுக் கட்சியினர் 101 பேர். அதாவது அவையில் பெரும்பான்மையாக இருந்த கட்சிக்குள்ளேயே மசோதாவுக்குப் பெரும்பான்மை இல்லை. எதிர்த்தவர்களின் கேள்வி கீவ் நகரத்தைப் பற்றியதைவிட டெக்ஸாஸைப் பற்றியதாக இருந்தது: நம் தென் எல்லை திறந்து கிடக்க, இன்னொருவர் எல்லைக்கு ஏன் காவல்? ஆனால் எல்லைக் கட்டுப்பாட்டையும் உக்ரைன் உதவியையும் ஒன்றாகக் கட்டி ஒக்லஹோமா செனட்டர் ஜேம்ஸ் லாங்க்ஃபர்ட் பேசி முடித்த மசோதாவை, ட்ரம்ப் வேண்டாம் என்றதும் அதே ஆண்டு பிப்ரவரியில் கவிழ்த்தவர்களும் இவர்கள் கட்சியினர்தான்.

ஏப்ரலில் மசோதாவை அவைக்குக் கொண்டுவந்த சபாநாயகர் மைக் ஜான்சன் அதுவரை உக்ரைன் உதவிக்கு எதிராக வாக்களித்துவந்தவர். செய்தியாளர்களிடம், அமெரிக்க இளைஞர்களை அனுப்புவதைவிட உக்ரைனுக்குத் தோட்டாக்களை அனுப்புவது மேல் என்றும், தம் மகன் அந்த ஆண்டு கடற்படைக் கல்விக்கழகத்தில் சேரவிருப்பதாகவும் சொன்னார். மூன்று வாரத்துக்குள் அவரைப் பதவியிறக்கச் சொந்தக் கட்சி உறுப்பினர் ஒருவரே தீர்மானம் கொண்டுவந்தார். 359-க்கு 43 என்று அது ஒதுக்கிவைக்கப்பட்டது. அவையில் சிறுபான்மையாக இருந்த ஜனநாயகக் கட்சியினரில் பெரும்பாலோர் அன்று ஜான்சன் பக்கம் வாக்களித்தார்கள்.